ஒட்டக மணி என்று எழுதியிருந்த சதங்கை

நான் பணிபுரிந்த அருங்காட்சியகத்தில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த தோல்வார் ஒன்று, இருபத்திரண்டு சிறு பித்தளை மணிகளோடு, ‘ஒட்டகக் கழுத்து மணி’ என்ற அட்டை கட்டி என் மேசைக்கு வந்தது. களிம்பை அகற்றுவது மட்டுமே எனக்கு இடப்பட்ட வேலை. அந்நாட்டின் கோச்சி நாடோடிகள் ஒட்டகங்களுக்கு மணி கட்டுவார்கள் என்பது தெரிந்ததே. ஆகையால் அட்டையை நானும் நம்பினேன்.

ஆனால் வாரின் நீளம் ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். அது ஒட்டகத்தின் கழுத்தை எப்படிச் சுற்றும்? தோலின் உட்புறம் வியர்வை ஊறிக் கறுத்து வழவழப்பாக இருந்தது. மணிகளோ நாக்குத் தொங்குபவை அல்ல. பரலை உள்ளிட்டு மூடிய உருண்டைகள். ஆப்கானிஸ்தானில் பேசப்படும் பாரசீகமான டாரி மொழியில் ‘ஸங்’ எனப்படும் இவற்றை ஆடுபவர் கணுக்காலில் கட்டிக்கொண்டு, காலடியாலேயே தாளத்துக்கு ஒலி சேர்ப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமீர் ஷேர் அலி கான் இந்தியக் கலைஞர்களைக் காபூல் அரசவைக்கு அழைத்ததிலிருந்து, அந்நகரில் இசைக்கலைஞர்கள் வாழ்ந்த கராபாத் பகுதியின் இசைக்கும் நம் பக்கத்து இசைக்கும் உறவு உண்டு என்பதால், சதங்கையைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

வேறொரு அலமாரியில், ‘ஆட்டு மணி’ என்ற பெயரில், இதே நீளத்தில் இன்னொரு வார் கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது: ஒரே மனிதரின் இரு கால்களை நாங்கள் இரண்டு விலங்குகளுக்குப் பங்கிட்டு வைத்திருந்தோம். 1914இல் வெளியான ஹார்ன்போஸ்டல்–சாக்ஸ் இசைக்கருவி வகைப்பாட்டில் குலுக்கி ஒலிக்கும் கருவிகளுக்கென்றே தனி இடம் இருக்க, விலங்கு அணிகலன் என்று பதிந்துவிட்டால் இசையை ஆராய வருபவர் கண்ணில் இவை படவே மாட்டா. 1996க்குப் பின்னும் 2021க்குப் பின்னும் தாலிபான் ஆட்சியில் இசைக்குத் தடை விழுந்து, கருவிகள் உடைக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் போன ஒரு நாட்டின் பொருளுக்கு இப்படி நேர்வதை என்னால் சிறிய எழுத்துப்பிழையாகக் கருத முடியவில்லை.

மூன்று மணிகளில் பரல் களிம்பில் ஒட்டி ஒலிக்காமல் இருந்தது. பாரசீகத்தில் துருவுக்கும் மணிக்கும் ‘ஸங்’ என்ற ஒரே சொல்தான் என்பதை, ஆப்கான் நகரமான ஹெராத்தில் பிறந்த சக பணியாளர் அப்போது சொன்னார். தூய்மை செய்வதற்கு முன்பே ஒவ்வொரு மணியின் ஒலியையும் பதிவுசெய்துகொண்டு, மெல்லிய மூங்கில் சிலாம்பால் இரண்டின் பரலை விடுவித்தேன். மூன்றாவதின் உலோகம் கீறல் விட்டிருந்ததால் அதைத் தொடவில்லை. அட்டையில் ‘நடனக் கால்மணி, இணை’ என்று எழுதி, இரண்டு வார்களையும் ஒரே பெட்டியில் வைத்தேன்.