கத்திரி நாட்குறிப்பு: ஒரு தண்ணீர்ப் பந்தலின் கணக்கு

சித்திரை 13 (ஏப்ரல் 26)

கத்திரி பிறக்க எட்டு நாள் இருக்கிறது. முதலில் இடம். பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை அந்த இடத்தில் நின்று, யார் எங்கே காத்து நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். வேலூரில் அது பெரும்பாலும் மருத்துவமனை வாசல், பஸ் நிறுத்தம், காட்பாடி ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டு. பேனர் தெரிகிற மூலைக்கும் தாகம் எடுக்கிற மூலைக்கும் நடுவே பல சமயம் ஒரு சாலை ஓடும். வெயிலில் யாரும் குறுக்கே கடந்து வந்து குடிக்க மாட்டார்கள்.

மாநகராட்சிக்கும் போக்குவரத்து போலீசுக்கும் இன்றே கடிதம் கொடுத்தாகிவிட்டது. நடைபாதையை முழுசாக அடைக்காமல் ஒரு சக்கர நாற்காலி போகிற அளவுக்கு, மூன்றரை அடியாவது விட வேண்டும்.

இந்த நாட்களில் வேலூருக்கு உச்சிவெயில் நேர் மேலே நிற்கும். நிழல் காலடியில்தான் விழும். அதனால் பக்கத் தடுப்பைவிடக் கூரைதான் முக்கியம்: கீற்று இரண்டு அடுக்கு, நடுவே ஒரு சாண் காற்று இடைவெளி. மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு கீற்று இறக்கினால் சரி. தகரம் போட்டால் அடுப்புக்குக் கீழே நிற்பது மாதிரி.

சித்திரை 15 (ஏப்ரல் 28)

பானை வந்தது. ஆறு கேட்டதில் இரண்டு பூப்போட்டுப் பெயின்ட் அடித்தவை. திருப்பிக் கொடுத்தாயிற்று. பானைத் தண்ணீர் குளிர்வது மண்ணின் நுண்துளை வழியே நீர் கசிந்து, வெளியே ஆவியாகிப் போவதால். பெயின்ட் அந்தத் துளையை அடைத்துவிடும். பார்க்க அழகு, தண்ணீர் வெதுவெதுப்பு.

புதுப்பானையை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். பிறகு மூன்று நாள் நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும், மண் வாசம் போக. தேங்காய் நாரால் மட்டும் தேய்க்கணும். சோப்பு போட்டால் மண் அதை உறிஞ்சிக்கொண்டு நாலு நாளைக்கு நுரை வாசம் விடும். அடியில் நாலு விரல் உயரம் ஆற்று மணல், அதைக் காலையும் மதியமும் நனைக்க வேண்டும். காற்று படாத மூலையில் வைத்தால் இத்தனையும் வீண். நம்ம ஊர் வறண்ட வெயிலுக்குப் பானை நன்றாகவே வேலை செய்யும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் இந்த அளவுக்குக் குளிராது.

சித்திரை 19 (மே 2)

பந்தலில் இன்று சேர்ந்த ஒரே சாமான், இடுப்பு உயரத்தில் ஒரு பலகை. ஒன்றரை அடி அகலம், ஐந்தடி நீளம்.

ஒரு கையில் எக்ஸ்ரே கவர், மறு கையில் குழந்தை, தோளில் பை. இப்படி வருகிறவர் டம்ளரை எந்தக் கையால் வாங்குவார்? பையைத் தரையில் வைத்தால் ஈரம், குனிந்து எடுக்க முடியாது. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தலைச்சுமையை இன்னொருவர் உதவி இல்லாமல் இறக்கி, இன்னொருவர் உதவி இல்லாமல் ஏற்றிக்கொள்ளும் உயரம் அந்தக் கல்லுக்கு. பிரசவத்தில் இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுகிற வழக்கம் இருந்தது.

குழாயும் இரண்டு உயரத்தில்: ஒன்று மூன்றடியில், ஒன்று இரண்டடியில், சின்னப் பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும். கீழே ஜல்லி கொட்டிய குழி. குழி இல்லாத பந்தல் இரண்டாம் நாளே சேறு, மூன்றாம் நாள் கொசு.

சித்திரை 21 (மே 4)

கத்திரி முதல் நாள், நீர்மோர். ஒரு டம்ளர் 200 மில்லி, ஐந்நூறு பேருக்கு நூறு லிட்டர். அதற்கு:

கெட்டித் தயிர் 20 லிட்டர், தண்ணீர் 80 லிட்டர், உப்பு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இஞ்சி 400 கிராம், பச்சை மிளகாய் 200 கிராம், பெருங்காயத்தூள் 20 கிராம், கறிவேப்பிலை, கொத்தமல்லி கையளவு.

இஞ்சியையும் மிளகாயையும் அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் சேர்க்க வேண்டும். துண்டுகளாகப் போட்டால் வாய் வைக்காமல் தூக்கிக் குடிப்பவருக்கு மிளகாய் நேரே தொண்டையில் போய் நிற்கும். தாளித்துக் கொட்டுவது வீட்டுக்குச் சரி. இங்கே எண்ணெய் மேலே மிதந்து டம்ளரில் ஒட்டும், கழுவ இரண்டு மடங்கு தண்ணீர் ஆகும்.

நூறு லிட்டரையும் காலையிலேயே கலந்து வைப்பதுதான் எல்லாப் பந்தலும் செய்கிற தப்பு. பதினொரு மணிக்கு ருசி, ஒரு மணிக்குப் புளிப்பு, மூன்று மணிக்குக் கொட்டவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் கிடக்கும். தயிரைக் குளிரில் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் 4 லிட்டர் தயிருக்கு 16 லிட்டர் தண்ணீராகக் கலக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் மட்டும். ஈயம் பூசாத பித்தளையில் மோர் களிம்பேறும்.

ஐஸ் பாளத்தை மோரில் போடக்கூடாது. மீன் லாரிக்குப் போகிற அதே ஐஸ்தான் அது, குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. பெரிய தொட்டியில் ஐஸைக் கொட்டி, மூடிய மோர்ப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி வைக்கலாம்.

மெழுகு மாதிரி பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அறுபது எவர்சில்வர் டம்ளர், மூன்று தொட்டி: அலச, சோப்பு, மறுபடி அலச. மூன்றாவது தொட்டித் தண்ணீரை அரைமணிக்கு ஒருமுறை மாற்ற ஒரு ஆள் தனியாக வேண்டும். மோர் ஊற்றப் பத்துப் பேர் வருவார்கள், இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது.

சித்திரை 23 (மே 6)

இதைத் தனியாக, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாகிவிட்டது. மருத்துவமனை வாசலில் கொடுப்பதற்கும் கோயில் வாசலில் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வேலூருக்கு வருகிறவர்களில் சிறுநீரக நோயாளிகள் நிறைய. டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீர் ஆபத்து. அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும். வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறும் அப்படியே. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அவர்களில் பலருக்கு அளவு இருக்கும், ‘இன்னொரு டம்ளர் குடிங்கம்மா’ என்று வற்புறுத்தக் கூடாது. இதய நோய்க்காரருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கும் மோரின் உப்பு ஆகாது. ஆகவே உப்பில்லாத வெறும் பானைத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கணும், எது எது என்று பலகையில் எழுதியிருக்கணும்.

இன்னொன்று: அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு காத்திருப்பவர். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கலாம். பாவமே என்று நீட்டும் ஒரு பிஸ்கட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவருக்கு அது இன்னும் சில நாள் லாட்ஜ் வாடகை. ‘சாப்பிடலாமா, டாக்டர் ஏதாவது சொல்லியிருக்காரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கையில் ஊசிக் குழாய் ஒட்டியிருந்தால் நிச்சயம் கேட்க வேண்டும். கூட வந்தவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பசியோடு இருப்பது பெரும்பாலும் அவர்தான்.

சித்திரை 25 (மே 8)

மொழி. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் வங்காளி பேசுபவர் நிறைய. ‘ஜொல்’ என்றால் வங்காள மொழியில் தண்ணீர். பங்களாதேஷ்காரர் பலர் ‘பானி’ என்பார். ‘கோத்தாய்’ எங்கே. ‘டான் திகே’ வலப்பக்கம். ‘போஷுன்’ உட்காருங்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைக்காரர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம்.

அதிகமாகக் கேட்கப்படும் வழி ரயில் நிலையம். தொலைதூர ரயில் நிற்பது காட்பாடியில். வேலூர் கன்டோன்மென்ட் வேறு. டிக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே 1, 2 எண் டவுன் பஸ் ஓடுகிறது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. இதைச் சொல்ல ஐந்து விநாடி ஆகும், கேட்டவருக்கு ஆட்டோ காசு மிச்சம்.

சித்திரை 28 (மே 11)

சக்கர நாற்காலி. தொடும் முன் கேட்க வேண்டும். இரண்டு பக்க பிரேக்கும் போட்டபிறகு, கால் தட்டை மடித்துவிட்டுத்தான் எழச் சொல்ல வேண்டும். தட்டில் கால் ஊன்றி எழுந்தால் நாற்காலி முன்னால் கவிழும். சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, நாம் பின்னோக்கி நடந்து, பாரம் நம் பக்கம் சாய இறக்க வேண்டும். சாக்கடைக் கம்பித் தடுப்பில் முன் சக்கரம் மாட்டும். அங்கே பின்பக்கக் குமிழைக் காலால் மிதித்து, முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்ட வைக்கணும்.

பார்வையற்றவரைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்தால் அரை அடி பின்னால் நம் அசைவை உணர்ந்து வருவார்.

வைகாசி 1 (மே 15)

இன்று குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கௌண்டன்ய ஆற்றங்கரையில் லட்சக்கணக்கில் கூட்டம். தெருவுக்குத் தெரு பந்தல், கூழ், மோர், தர்பூசணி. இன்று ஒரு பந்தல் கூடுதலாகப் போடுவதில் புண்ணியம் குறைவு. அங்கே தேவைப்படுவது காணாமல்போன பிள்ளைகளுக்கு ஒரு மூலையும் மயங்கி விழுபவருக்கு ஒரு கட்டிலும்.

வெறும் களைப்பா வெப்பத் தாக்கா என்று பார்க்கும் வழி பேச்சு. உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழல், துணி தளர்த்தல், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி, விசிறி, 108. தெளிவாகப் பேசுகிறார் என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் முழுப் பொட்டலமும், அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சிக் கெடுதல்தான்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை இன்னும் விட்டபாடில்லை. இரும்பால் எதுவும் நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டு வைத்து, கடிகாரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

இதே குடியாத்தம் சாலை மரத்தடிகளில்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் நின்று நின்று மருந்து கொடுத்துப் போனார். வாரந்தோறும் வந்ததுதான் அதன் பலம்; நோயாளி மரத்தடிக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கலாம். பந்தலுக்கும் அதே விதி. திறப்பு விழாவன்று மட்டும் நிரம்பியிருக்கும் பானை ஊருக்கு ஊர் உண்டு.

வைகாசி 5 (மே 19)

பந்தலில் தங்கள் பெயரில் பேனர் கட்டக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். திங்களூர் அப்பூதியடிகள் தன் தண்ணீர்ப் பந்தலுக்கு, நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரைத்தான் வைத்தார். ஃபிளெக்ஸ் காசுக்குத் தயிர் வாங்கலாம் என்று பதில்.

வைகாசி 8 (மே 22)

ரத்தம். கல்லூரி விடுமுறையில் கொடுப்பவர் குறைவு, வெளியூர் நோயாளிக்கோ ஊரில் ஆள் இல்லை. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வெறும் வயிற்றோடு போகக் கூடாது. கொடுத்தபின் கால்மணி உட்கார வேண்டும். விறுவிறுவென்று வெயிலில் இறங்குபவர்தான் வாசலில் விழுவார்.

ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட வாரம் பத்துப் பேர் கொடுப்பது மேல். தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணு 35 நாளிலிருந்து 42 நாள். தலைவர் பிறந்தநாளுக்கு முந்தின வாரமும் யாருக்காவது ரத்தம் தேவைப்படும்.

வைகாசி 14 (மே 28)

கத்திரி கழிகிறது. நேற்று மாலை கொஞ்சம் தூறல். கீற்று மாட்டுத் தொழுவத்துக்குப் போயிற்று. நாலு பானையும் துளை அடைபட்டு இனிக் குளிராது. மேற்பாதியை உடைத்து, அடிப்பாதியைக் குருவிக்குத் தண்ணீர் வைக்கக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று, உள்ளே ஒரு கல் போட்டு. கல் இல்லாவிட்டால் சின்னக் குருவி வழுக்கி விழுந்துவிடும்.

டம்ளர் அறுபதில் ஐம்பத்து மூன்று திரும்பியது. குழாய் வாஷர்களைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டு, மூடியில் அளவு எழுதியாகிவிட்டது: அரை அங்குலம்.