மெயில் வருது, போகல

பாம்பனில் இன்று ஒரு கருவாட்டுக் கடை பில்லில் புது மெயில் முகவரி, கடைப் பேரிலேயே. கீழே பேனாவில்: "இதுக்கு அனுப்பாதீங்க, வாட்ஸ்அப் பண்ணுங்க."

சொந்த டொமைன் (தங்கள் பேரிலேயே இணைய முகவரி) வாங்கியவர்கள் பலர் மாட்டி நிற்கும் இடம் இதுதான். மெயில் வரும், பதில் போகாது.

வரும் வழி வேறு, போகும் வழி வேறு. மெயில் செயலி அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ, அதன் செட்டிங்கில் வருவதற்கு ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துக் காட்டும் முறை), போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993, எஸ்எஸ்எல் (பூட்டிய இணைப்பு). போவதற்கு எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை): போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைந்த பிறகு பூட்டுவது). மாற்றிப் போட்டால் சும்மா சுற்றிக்கொண்டே கிடக்கும். பழைய போர்ட் 25-ஐப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன.

யூசர்நேமில் பெரும்பாலும் முழு முகவரி வேண்டும், @-க்கு முன்னால் உள்ளது மட்டும் போதாது. போகும் சர்வரும் பாஸ்வேர்டு கேட்கும். அந்த 'ஆதென்டிகேஷன்' டிக்கை விட்டால் 'ரிலே' மறுப்பு வரும், அதாவது மெயிலை வெளியே கடத்திவிட மாட்டேன் என்று சர்வர் சொல்லும்.

பாப் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வேண்டாம். 'சர்வரில் பிரதி வை' டிக் இல்லையென்றால், கடைக் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்ட மெயில் ஏலத்தில் நிற்கும் முதலாளி போனுக்கு வராது.

அனுப்பியது ஸ்பாமில் விழுகிறதா? டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரப் பதிவேடு) எஸ்பிஎஃப் வரி, அதாவது உங்கள் பேரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி, இரண்டு இருக்கிறதா பாருங்கள். ஹோஸ்டிங் மாற்றும்போது பழையதை அழிக்க மறந்திருப்பார்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.