கொல்லைக் கதவு

ஜூன் 9, 2025

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, அம்மிக்குழவியால் தட்டித் திறந்தேன். உறைக்கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு மொந்தன் வாழை. வாழை இப்போதுதான் பூத் தள்ளியிருக்கிறது. அம்மா கட்டிலில் இருந்தபடியே, "கெணத்துல தண்ணி கெடக்கா?" என்றாள். ஆறு உறை வெளியே தெரிகிறது, அடியில் கொஞ்சம் தண்ணீர்.

ஜூன் 10

இரவு முழுக்க அம்மாவுக்கு இடுப்பு வலி.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாகிவிட்டது. கல்லணைக்கு வர மூன்று நாள், அப்புறம்தான் நம் குடமுருட்டி ஆற்றுக்கு என்றார் டீக்கடைக்காரர். குறுவைக்காரர்கள் எல்லாம் அதே பேச்சு. நான் கிணற்றை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 14

சென்னையில் 26 வருஷம், ஏழு வாடகை வீடு. ஒன்றிலும் கொல்லை கிடையாது. பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலை வைத்தேன். தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டில் சண்டைக்கு வந்தார்கள், எடுத்துவிட்டேன். அப்போதிருந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழே ஊற்றக்கூடப் பயம். இன்று அரிசி களைந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினேன். மண் 'சுர்ர்' என்று இழுத்துக்கொண்டது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போய் இன்னொரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினேன். அழுகை வந்துவிட்டது. அதற்கும் இங்கே இடம் இருக்கிறது.

ஜூன் 17

வீட்டுக்காரர் போன் செய்தார். விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறதாம். ஆடியில் வீடு மாற்ற வேண்டாம், ஆவணி பிறந்ததும் காலி செய்யுங்கள் என்றார். ஆவணி 1, ஆகஸ்ட் 17. பூத் தள்ளிக் குலை முற்ற மூன்று மாதமாவது வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எப்படி எண்ணினாலும் செப்டம்பர்.

ஜூன் 18

மறுபடி எண்ணினேன். செப்டம்பர்தான்.

ஜூன் 25

நாலு உறைதான் தெரிகிறது! ஆற்றில் தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகிறது, இங்கே ஊறிவிட்டது. அம்மாவிடம் சொன்னதும் வாக்கரைக் கேட்டாள். கதவிலிருந்து கிணற்றடி வரை 19 அடி. நடுவில் இரண்டு முறை நின்றாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் வலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஜூன் 29

ஏழு சீப்பு.

ஜூலை 3

வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம். கொல்லையைச் சுத்தமாகப் பெருக்கி வைக்கச் சொன்னார் வீட்டுக்காரர். முருங்கைப் பூ தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. பெருக்கவில்லை.