அம்மா நேர்ந்த பாஸ்கா பூசை

ஆண்டவருக்குத் தோத்திரம். நெடுநாளாக மனதில் பாரமாய்க் கிடந்த நேர்த்தியை, 2025 ஏப்ரல் 19, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பெரிய சனி இரவுப் பாஸ்கா பூசையில், திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையின் புனித மரியாள் பேராலயத்தில் செலுத்திவிட்டேன்.

நேர்ந்தது நானல்ல, அம்மா. சலரோகத்தால் (நீரிழிவால்) வலது காலில் வந்த புண் ஆறவே இல்லை. பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று கட்டிலில் கிடந்தபடியே கைகூப்பினார். "காலைக் காப்பாத்தித் தந்தால் திருமலைக்கு வந்து, பாஸ்கா பூசைக்கு நடந்தே வந்து நிப்பன் ஆண்டவரே." மட்டக்களப்பில் இல்லாத கோயிலா என்று கேட்டேன். "நம்மட கோயில் அதுதான்" என்றார். அவர் பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். 1990இல் இடம்பெயர்ந்துதான் மட்டக்களப்புக்கு வந்தார். மறைமாவட்டக் கணக்கிலும், 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகும் வரை எங்களுக்குப் பேராலயம் திருமலையில்தானே இருந்தது.

கால் தப்பியது. ஒன்பது மாதம் நான் மருந்து கட்டினேன், புண் மூடியது. ஆனால் அடுத்த பாஸ்காவுக்கு முன்பே மாரடைப்பில் அம்மா போய்விட்டார். நேர்த்தி நின்றுபோனது.

2025இல் மாமாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். புதுவருட லீவு முடிந்து திரும்புகிறவர்களால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எழுபது வயது மனிதர் வாகரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் தண்ணீரைக் காட்டி, "உங்கட அம்மா இதில பாதைக்கு நிண்டு நிண்டே கால் உளைஞ்சு போவா" என்றார். 2009இல் பாலம் வரும்வரை பஸ்ஸையும் ஆட்களையும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். இப்போது ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கோயில் தூரம், வெயிலில் நடக்க ஏலாது என்று சொல்லி, ஒருவர் வாய்க்கு வந்த கூலி கேட்டார். பெரிய சனியில் கோயிலுக்கு வருகிறவர்களிடம் இப்படிக் கறக்கலாமா? மனம் நொந்தது. சரி, நேர்த்தியே நடந்து வருவதுதானே என்று மாமாவைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனேன்.

வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். 2019க்குப் பிறகு நம் நாட்டில் உயிர்ப்புத் திருநாள் இப்படித்தான். அந்த ஏப்ரல் 21 காலை எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள்! கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று கொரிந்தியருக்குப் பவுல் அடியார் எழுதியதை அதுவரை ஒரு வாசகமாகத்தான் கேட்டிருந்தேன். அந்தக் கிழமை சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றபோது, அது உண்மையாக இல்லாவிட்டால் எங்களிடம் வேறொன்றுமே இல்லை என்று தெரிந்தது.

உள்ளே இடமில்லை. வராத ஆட்களுக்கும் கைலேஞ்சி விரித்து வாங்கில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மாமாவுக்காவது கொஞ்சம் இடம் கேட்டேன், ஒருவரும் அசையவில்லை. கண் கலங்கி முற்றத்துக்கு வந்துவிட்டோம். ஆண்டவர் எங்களை அங்கேதான் கொண்டுவர நினைத்திருக்கிறார். புது நெருப்பு மூட்டியது எங்களுக்கு நாலு அடி தள்ளி.

பாஸ்காத் திரி என்னும் பெரிய மெழுகுதிரியில் சிலுவை கீறி, அகரமும் னகரமும் கீறி, 2, 0, 2, 5 என்று இலக்கங்களும் கீறினார்கள். அப்புறம் ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். எத்தனையோ வருடம் பின்வாங்கில் இருந்ததால் நான் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. ஐந்தும் ஆண்டவரின் காயங்கள். மாட்சிமை மிக்க காயங்கள் என்று செபத்தில் வருகிறது. அந்தச் சொல்லில் நான் உடைந்துபோனேன்.

ஒன்பது மாதம் நான் கட்டிய புண் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதன் நாற்றம், ஊநீர் ஊறிய துணி, வலியில் அம்மா கடித்த உதடு. செத்த பிறகு அந்த உடம்பு மண்ணோடு மண், ஆத்துமம் மட்டும்தான் மிச்சம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லி வந்தேன். திருச்சபை விசுவசிப்பது அதைவிடப் பெரிது. உயிர்த்த ஆண்டவர் காயத்தோடுதான் வந்தார். அதைத்தான் சீடர் தோமாவுக்குக் காட்டினார், அதைப் பார்த்துத்தான் தோமா "என் ஆண்டவரே, என் கடவுளே" என்றார். வலித்த இடம் அழிந்துபோகவில்லை, அங்கேயே மகிமை வந்துவிட்டது. ஆண்டவர் எழுப்பிய லாசர் கட்டுத்துணியோடு கல்லறையை விட்டு வந்தான்; மறுபடி சாக வேண்டிய அவனுக்கு அது இன்னொரு முறை தேவைப்பட்டது. ஆண்டவரோ துணிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். முகத்தை மூடியிருந்த துண்டுகூடத் தனியே சுருட்டி வைத்திருந்ததாம். அம்மாவின் கட்டுத்துணிகளை நான் எத்தனை தரம் அவித்துத் தோய்த்துக் காயப் போட்டிருப்பேன்! இனி அவருக்கு அது தேவைப்படாத ஒரு நாள் வரும், அந்தக் காலாலேயே எழுந்து நிற்பார் என்பதை நெருப்புக்கு முன்னால் நின்றுதான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன்.

திரி இருட்டுக்குள் போனது, ஒளி கைமாறிக் கைமாறி எங்கள் மெழுகுதிரிக்கும் வந்தது. பலபேர் அந்த நேரத்திலும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள், வேதனையாக இருந்தது. செங்கடல் வாசகத்தின்போது மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். "உன்னதங்களிலே" பாட்டுத் தொடங்கி மணி அடித்ததும் பிறகு நடந்ததும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை, அழுதுகொண்டே இருந்தேன். ஞானஸ்நான வாக்குறுதியில், உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா என்று கேட்டபோது எல்லாரும் "நம்புகிறோம்" என்றார்கள். என் வாயில் அம்மா வீட்டில் சொல்லும் பழைய மந்திரம்தான் வந்தது: "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்." பக்கத்தில் மாமாவும் அதையே சொன்னார்.

மந்திரித்த தண்ணீரில் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு காலை பஸ்ஸில் திரும்பினோம். அன்று பின்னேரமே சேமக்காலைக்குப் போய், அம்மாவின் கல்லறையில் கால்மாட்டில் ஊற்றினேன்.