குடி நின்ற பிறகு

மார்ச் 3
கை நடுக்கம் குறையவில்லை. குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாள்கள்தான் ஆபத்து என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அண்ணன் விடிய விடியத் தட்டிக்கொண்டே இருந்தான். தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள்.

மார்ச் 5
தூங்கினான்.

மார்ச் 7
குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்திலிருந்து டெய்லர் அண்ணன் பார்க்க வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துத் தான் குடித்த கதையைச் சொன்னார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீங்களுமா?" அதற்குப் பிறகு அவன்தான் பேசினான். அம்மாவின் வளையலை அடகு வைத்ததையும் அவரிடம்தான் ஒப்புக்கொண்டான். நாங்கள் எத்தனை சத்தியம் வாங்கியிருப்போம்! எங்கள் அழுகைக்குப் பயந்து பொய் பொய்யாகச் சொன்னவன், இந்த மனிதரிடம் ஏன் உண்மை பேசுகிறான்?

மார்ச் 8
வளையல் எந்தக் கடையில் இருக்கிறது? ரசீதாவது இருக்கிறதா?

மார்ச் 16
வீட்டுக்கு வந்துவிட்டோம். இரவு பதினொரு மணிக்கு அண்ணன் போன் செய்தால்கூட டெய்லர் அண்ணன் எடுக்கிறார். நன்றி சொன்னேன். "எனக்கும் இதுதானம்மா மருந்து" என்றார். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் என்பவர், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இன்னொரு குடிநோயாளியைத் தேடி ஊரெல்லாம் போன் செய்தாராம். கிடைத்தவர் டாக்டர் பாப். பில் தேடியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, பிழைத்தது இருவரும். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாள்.

மார்ச் 24
அம்மாவிடம் எரிந்து விழுந்தான். சாராய வாடை இல்லை, குணம் மட்டும் அதேதான். மாலையில் டெய்லர் அண்ணன் வந்து, "பாட்டிலைக் கீழே வைத்தால் போதுமா தம்பி? போய் அம்மாவிடம் பேசு" என்று கடிந்தார். போய்ப் பேசினான். இதையே நான் சொல்லியிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

மார்ச் 25
ரசீது கிடைத்தது. வட்டியை நினைத்தால் தலை சுற்றுகிறது.

ஜூன் 9
கூட்டத்தின் பன்னிரண்டு படிகளில் எட்டாம் படி: தான் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்ற பட்டியல். முன்பே எழுதத் துடித்தவனை, "முதலில் குடிக்காமல் இரு" என்று நிறுத்தி வைத்திருந்தவர் டெய்லர் அண்ணன்தான். அம்மா, நான், மளிகைக் கடைக்காரர். பிறகு பழைய முதலாளி. கல்லாவில் கை வைத்திருக்கிறான். இது எங்கள் யாருக்கும் தெரியாது, முதலாளிக்கே தெரியாது. எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறான்.

ஜூன் 14
மன்னிப்புக் கேட்கப் போனான். மளிகைக் கடையில் நல்ல திட்டு. டெய்லர் அண்ணன் தெருவிலேயே நின்றுகொண்டாராம்.

ஜூன் 20
முதலாளி நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார். போலீசுக்குப் போவாரா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போகலாம். அண்ணனுக்கும் அது தெரியும்.