கின்ஸ்பெர்க்கை அவங்க அம்மாகிட்ட இருந்து ஆரம்பிங்க

பாலக்கோட்டுல கவிதை எழுதுற தம்பி ஒருத்தன்கிட்ட அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் பேரை எடுத்ததுமே, "அந்த தாடிக்காரர்தானேண்ணா, கஞ்சா, ஹிப்பி, காசியில சாமியாருங்களோட சுத்துனாரே"ன்னான். அவனைச் சொல்லி குத்தமில்ல, நம்ம ஊர்ல அந்தாளு பேரு வந்து சேர்ந்ததே அப்படித்தான். அவனுக்காகத்தான் இதை எழுதுறேன்.

ஜெர்ரி ஆரன்சன் எடுத்த 'தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் ஆலன் கின்ஸ்பெர்க்'னு ஒரு டாக்குமென்டரி, 1993ல வந்தது. எழுத்தாளர் பர்ரோஸ், பாடகி ஜோன் பயஸ், எழுத்தாளர் நார்மன் மெய்லர்னு பெரிய பெரிய ஆளுங்க வந்து பேசுறாங்க. ஆனா பார்த்து முடிச்சப்புறம் எனக்கு மனசுல நின்னது அவரோட அம்மா நவோமிதான். ரஷ்யாவுல பொறந்து அமெரிக்கா வந்த கம்யூனிஸ்ட், மனநோய் வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சவங்க. 1947ல அவங்க மூளையில ஆபரேஷன் பண்ண கையெழுத்து போட்டுக் கொடுத்தது ஆலன்தான், அப்ப அவருக்கு வயசு 21. 1956ல அந்தம்மா இறந்தப்ப மகன் பக்கத்துல இல்ல, யூத வழக்கப்படி பிரார்த்தனை சொல்ல பத்து ஆம்பளைங்க வேணும், அத்தனை பேர் வராததால அதைச் சொல்லாமலே அடக்கம் பண்ணிட்டாங்க.

அந்தப் பிரார்த்தனை பேரு காடிஷ். அப்பறம் அவரே அதே பேர்ல அம்மாவுக்கு ஒரு நீளமான கவிதை எழுதுனாரு, 1961ல புத்தகமா வந்துச்சு.

பென்னாகரத்துல எங்க ஆயா செத்தப்ப பொம்பளைங்க வட்டமா உக்காந்து ஒப்பாரி வச்சாங்க, செத்தவங்க பட்ட கடன், வாங்குன அடி, கடைசி காலத்துல பேத்துன பேச்சு, எதையும் மறைக்காம ஊர் முன்னாடி பாடித் தீர்த்தாங்க. காடிஷ் எனக்கு அந்தக் குரலாத்தான் கேக்குது. அம்மாவோட பைத்தியத்தையும் ஒடம்பையும் பயத்தையும் அப்படியே வச்சிருக்காரு, அதுல அவமானமே இல்ல, அவ்வளவும் பாசம்.

எல்லாருக்கும் தெரிஞ்சது அவரோட 'ஹவ்ல்'ங்கிற கவிதைதான். 1955 அக்டோபர்ல சான்ஃபிரான்சிஸ்கோல சிக்ஸ் கேலரின்னு ஒரு எடத்துல முதல்முறையா வாசிச்சாரு, ஒரு வரின்னா ஒரு மூச்சுங்கிற கணக்குல எழுதுனது, அதனால கண்ணால படிக்கிறதை விட காதால கேக்கணும். புத்தகம் போட்ட ஃபெர்லிங்கெட்டி மேல ஆபாச வழக்கு போட்டாங்க, 1957ல நீதிபதி கிளேட்டன் ஹார்ன் இது ஆபாசம் இல்லன்னு தீர்ப்பு சொன்னாரு.

நம்ம நாட்டுக்கு 1962ல வந்தாரு. காசிக்கதையைத்தான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு கல்கத்தாதான் முக்கியம். சுனில் கங்கோபாத்யாய், சக்தி சட்டோபாத்யாய்னு வங்கக் கவிஞர்களோட அங்க பழகுனாரு. 1964ல ஹங்ரி தலைமுறைன்னு வங்கத்துல கிளம்புன இளம் கவிஞர் கூட்டத்தைச் சேர்ந்த மலய் ராய் சௌத்ரியை ஒரு கவிதைக்காக கைது பண்ணப்ப, அந்தக் கூட்டத்துக்காக அமெரிக்காவுல இருந்தே கடிதம் எழுதுனாரு. தன் கவிதைக்கு வந்த அதே கேஸ் இன்னொருத்தனுக்கு வந்தப்ப சும்மா இருக்கல பாருங்க. 1967ல கல்கத்தா ஹைகோர்ட் மலயை விடுவிச்சுது. 1971ல மறுபடி வந்து, கல்கத்தாவுல இருந்து எல்லைக்குப் போற ஜெஸ்ஸோர் ரோட்டுல வங்கதேசப் போர் அகதிங்க படுற பாட்டைப் பார்த்துட்டு அதையும் பாட்டா எழுதுனாரு.

தம்பி, படத்தை பென்டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வா. இங்கிலீஷ் வேகமா ஓடும், அங்கங்க நிறுத்தி சொல்றேன், ஆனா அவரு கவிதை வாசிக்கிற எடத்துல மட்டும் நிறுத்தமாட்டேன்.