அடைப்புக்குறிக்குள் ஒரு ‘ச’

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி எங்கள் வீடு. பின் பல்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் நிற்கிறது; எழுதிக் கொடுக்கும் எண்களின்படி தானாக நகர்ந்து, சுழலும் முனையால் பலகை வெட்டும் மெசின். 3018 என்று சொல்வார்களே, அந்த ரகம்: 300க்கு 180 மில்லிமீற்றர் பரப்பில் ஓடும். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் விற்றதை நான் வாங்கினேன். உப்புக் காற்றில் லீட் ஸ்குரூ, அதாவது வண்டியை நகர்த்தும் நீளத் திருகு, துருப்பிடிக்காமலிருக்க வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்கவேண்டும். மற்றபடி மெசினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் நான் அதற்கு எழுதிக் கொடுத்ததில்தான் இருந்தது.

அம்மா கேட்டது ஒரு வாசல் பலகை. கதவிலக்கமும் வீட்டுப் பெயரும், 3 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில். ஒரு வார இறுதி வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். வாசலுக்குப் போனது ஆறாவது பலகை.

முதல் பலகை ஜி-கோட்டின், அதாவது மெசினுக்குக் கட்டளை எழுதும் மொழியின், ஞாபக சக்தியால் போனது. ஒரு கட்டளையை ஒருமுறை சொன்னால், மாற்றிச் சொல்லும்வரை மெசின் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஜி90 என்றால் எண்கள் எல்லாம் பூச்சியப் புள்ளியிலிருந்து அளக்கப்படும். ஜி91 என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து. முனையைப் பத்து மில்லிமீற்றர் தள்ளி வைக்க நான் கையால் ஜி91 தட்டியிருந்தேன், பிறகு மறந்துவிட்டேன். என் கோப்பில் ஜி90 எங்கும் இல்லை. கரன்ட் கொடுத்ததும் மெசின் ஜி90 நிலையில்தான் எழும் என்று படித்திருந்ததால், அதை எதற்கு வீணாக எழுதுவது என்று விட்டிருந்தேன். எழும்தான். ஆனால் நான் அதை எழுப்பி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

எக்ஸ்40, எக்ஸ்120, எக்ஸ்200 என்று மூன்று இடம் கொடுத்திருந்தேன். மெசின் கூட்டிக்கொண்டே போனது: நாற்பது, நூற்று அறுபது, முந்நூற்று அறுபது. தண்டவாளம் முந்நூறோடு முடிகிறது. வண்டி ஓரத்தில் முட்டி, ஸ்டெப்பர் மோட்டர் கரகரவென்று அரைத்தது. ஓரம் வந்துவிட்டது என்று சொல்லும் லிமிட் சுவிட்ச் இந்த மெசினில் இல்லை. தான் நகரவில்லை என்பதும் ஸ்டெப்பர் மோட்டருக்குத் தெரியாது. மில்லிமீற்றருக்கு 800 படி என்று கட்டுப்பாட்டுப் பலகை எண்ணிக்கொண்டே இருக்கும், அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. நான் பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினேன்.

அன்றிலிருந்து என் கோப்பு ஒவ்வொன்றும் ஒரே வரியில்தான் தொடங்குகிறது: ஜி21 ஜி90 ஜி17 ஜி94 ஜி54. அளவு மில்லிமீற்றர், எண்கள் பூச்சியத்திலிருந்து, வளைவுகள் எக்ஸ்-வை தளத்தில், முனை நகரும் ஓட்டவேகம் நிமிடக் கணக்கில், சேமித்துவைத்த பூச்சியப் புள்ளிகளில் முதலாவது. மெசினுக்கு ஏற்கெனவே தெரிந்தாலும் சொல்வேன். ஜி21க்குப் பதில் ஜி20 கிடந்தால் அதே எண்கள் அங்குலமாகிவிடும், 25.4 மடங்கு. முந்நூறு மில்லிமீற்றர் மெசினில் அது என்ன செய்யும் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை.

இந்தக் கோப்பை மாளிகாவத்தைப் பக்கம் ஒரு பட்டறையில் பெரிய மில்லிங் மெசின் ஓட்டும் அண்ணா ஒருவரிடம் காட்டினேன். மனுசன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“பத்து எண்டு எழுதியிருக்கிறீர். புள்ளி எங்க?”

“பத்துத்தானே அண்ணா, புள்ளி எதுக்கு?”

“உம்மட மெசினுக்குப் பத்து. எங்கட பழைய கன்ட்ரோலுக்குப் பத்து மைக்ரோன்.”

உண்மைதான். ஃபனுக் போன்ற தொழிற்சாலை மெசின் கன்ட்ரோல்களில், அமைப்பைப் பொறுத்து, புள்ளி இல்லாத எக்ஸ்10 என்பது கடைசி இலக்கத்திலிருந்து எண்ணப்படும்: 0.010 மில்லிமீற்றர். என் வீட்டு மெசினில் அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் இப்போது “10.” என்றுதான் எழுதுகிறேன். நாளைக்கு அவருடைய மெசினில் ஏதாவது வெட்டித்தரச் சொல்லிக் கேட்கும்போது வெட்கப்படாமல் இருக்கலாம். விடைபெறும்போது அவர் இன்னொன்றும் கேட்டார்: “புதுசா ஒண்டு ஓடேக்க கை எங்க வச்சிருப்பீர்?” தேநீர்க் கோப்பையில் என்று சொல்லவில்லை. நிறுத்தும் பட்டன் ஒன்று புறக்கோட்டையில் வாங்கிப் பூட்டினேன்.

இரண்டாவது பலகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டி முடிந்ததும் முனையை மேலே தூக்காமல் எக்ஸ்0 வை0க்குத் திரும்பச் சொல்லியிருந்தேன். குறுக்கே ஒரு நேர்க்கோடு, மிக அழகாக விழுந்தது. இப்போது எந்த நகர்வுக்கும் முன்னால் இசட் தனி வரியில் மேலே போகும். பிறகுதான் எக்ஸ், வை.

மூன்றாவதுக்குப் பிறகு கோப்பைக் கையால் எழுதுவதை விட்டு, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி அதைக்கொண்டு ஜி-கோட்டை உருவாக்கினேன். ஆழம், ஓட்டவேகம், பாதுகாப்பு உயரம் எல்லாம் நிரலின் தலையில் ஒரே இடத்தில் நிற்கும். அதற்கு முன்பு ஆழத்தை மாற்றவேண்டுமென்றால் ஏழெட்டு வரிகளில் தேடித்தேடி மாற்றுவேன், ஒன்று எப்படியும் தப்பிவிடும். கோப்பை மெசினுக்கு அனுப்புவதையும் அதே நிரலே செய்யட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். பழைய லாப்டொப் தாங்காத கனமான மென்பொருள் இனி வேண்டாம். ஒரு வரி அனுப்பும், ‘ஓகே’ வரும்வரை காத்திருக்கும், அடுத்த வரி. இருபது வரிகூட வராது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நல்ல பிள்ளையாகக் குறிப்புகளும் எழுதினேன். அடைப்புக்குறிக்குள் எழுதுவது மனிதருக்கு, மெசின் அதைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். எனக்காக எழுதுவது எதற்கு ஆங்கிலத்தில்? தமிழிலேயே எழுதினேன். 3 மில்லிமீற்றரை அரை மில்லிமீற்றராக ஆறு சுற்றில் வெட்டுவதால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிரல் தானாக ஒரு வரி போடும்: (ஒரு சுற்று முடிந்தது).

நான்காவது பலகை உருகியது. முதல் இரண்டு சுற்றும் தூள் உதிர்ந்தது, வெட்டு கண்ணாடி மாதிரி. நான்காவது சுற்றில் தூள் நூலாக மாறியது. ஐந்தாவதில் முனையைச் சுற்றி வெள்ளைப் பசை உருண்டு திரண்டு, வெட்டிய தடத்திலேயே திரும்ப ஒட்டிக்கொண்டது. கருகிய நெயில் பொலிஷ் மாதிரி ஒரு மணம். பலகை துண்டாகப் பிரியவே இல்லை.

முதலில் அக்ரிலிக்கைச் சந்தேகித்தேன். வார்த்தெடுத்த தகடும் உண்டு, அழுத்திப் பிதுக்கியெடுத்த தகடும் உண்டு. பிந்தியது சீக்கிரம் உருகும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கழிவுத் துண்டாக வாங்கியதால் எது என்று கேட்டிருக்கவில்லை. வார்த்ததுதான் என்று பார்த்து வாங்கி வந்தேன். ஐந்தாவது பலகையும் உருகியது. முனை மழுங்கியிருக்குமோ என்று புது முனை போட்டுக் கழிவுத் துண்டில் ஓட்டினேன். அதே இடம், அதே பசை. கரையோர ரயில் போகும்போது எங்கள் ஜன்னல் அதிரும், அதன் மீதும் பழி போட்டுப் பார்த்தேன். ரயில் நாலாவது சுற்றுக்கு மட்டும் நேரம் பார்த்து வருமா என்று தங்கச்சி கேட்டாள்.

புதுக் கோப்பு எதையும் முதலில் காற்றில் ஓட்டிப் பார்ப்பது அப்போதே வழக்கமாகியிருந்தது. முனைக்கும் பலகைக்கும் நடுவே காகிதம் வைத்து இசட் பூச்சியம் பிடிப்பேன், ஞாயிறு வீரகேசரியின் ஓரத்தைக் கிழித்தால் போதும். காற்றில் ஓட்டும்போது மட்டும் அந்தப் பூச்சியத்தை 20 மில்லிமீற்றர் மேலே வைத்துவிடுவேன். முழுக் கோப்பும் ஓடும், பலகையைத் தொடாது. இந்தக் கோப்பும் காற்றில் ஒழுங்காகவே ஓடியிருந்தது. ஆறாவது தடவைக்காகத் திரும்பக் காற்றில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா துணி எடுக்க வந்து நின்றார்.

“உது துடக்கத்தில ஊதுது, முடியேக்க கீச்செண்டு கத்துது. அப்பிடியே இருக்கோணும்?”

அப்படி இருக்கக்கூடாது. முனையின் சுழற்சி வேகத்துக்கு எஸ்500 என்று ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது முனை போகும் பாதையை. காது அன்றைக்கு வேலையில் இல்லை.

இந்த மெசினின் மூளை ஓர் ஆர்டுயினோ ரகச் சில்லு. அதில் ஓடுவது கெர்பில் 1.1 என்ற திறந்த மென்பொருள். நிலைமை என்ன என்று கேட்டால் அது மூன்று சதவீத எண்கள் தரும்: ஓட்டவேகம், வெட்டாமல் இடம் மாறும் துரித நகர்வு, சுழற்சி. கோப்புச் சொன்னதில் எத்தனை வீதம் இப்போது ஓடுகிறது என்ற கணக்கு. நூறு, நூறு, நூறு என்று இருக்கவேண்டும். சுற்றுக்கு ஒருமுறை கேட்டு எழுதும்படி நிரலில் ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். ஐந்து குறிப்பு போனபின் வந்தது: 50, 100, 150.

ஓட்டம் பாதி, சுழற்சி ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் முனை ஒருமுறை சுழலும்போது சீவும் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிட்டது. சீவாமல் தேய்த்தால் சூடுதான். அக்ரிலிக்கில் சூடு ஏறினால் பசைதான். கோப்பின் முடிவுக் கட்டளையான எம்30 வந்ததும் மூன்று எண்ணும் திரும்ப நூறாகிவிடும். அதனால்தான் முடிந்தபின் பார்த்தபோதெல்லாம் தடயமே இருக்கவில்லை.

யார் மாற்றுவது? கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கழற்றினேன். குறிப்பு வரியைக் கழற்றியதும் எண்கள் நூறிலேயே நின்றன. நம்ப முடியாமல், மோட்டரை நிறுத்திவிட்டு (ச) என்று மட்டும் அனுப்பினேன். ஓகே வந்தது. சுழற்சி 110. இன்னொரு (ச), 120. பத்துத் தடவை அனுப்பினேன், 200இல் போய் நின்றது, அதற்குமேல் ஏறாது. பிறகு (ஒ). ஓட்டவேகம் 90, 80, 70. (ஐ) அனுப்பினால் நல்ல பிள்ளையாக நூறுக்கு வருகிறது. இரவு பதினொரு மணிக்கு மெசினுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் மகனை அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

காரணம் இதுதான். கோப்பில் ‘ச’, ‘ஒ’ போன்ற ஒரு தமிழ் எழுத்து என்பது மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரையான மூன்று எண். ‘ச’ என்றால் 224, 174, 154. ‘ஒ’ என்றால் 224, 174, 146. கெர்பில் 1.1இல் 127க்கு மேற்பட்ட சில பைட்டுகள் உடனடிக் கட்டளைகள்: 154 என்றால் சுழற்சியைப் பத்து வீதம் கூட்டு, 146 என்றால் ஓட்டத்தைப் பத்து வீதம் குறை. ஓடிக்கொண்டிருக்கும்போது திருகு குமிழைத் திருப்புவது மாதிரி. இவை வரிசையில் நிற்பதில்லை, வந்து சேர்ந்த உடனேயே பொறுக்கி எடுக்கப்பட்டுவிடும். அடைப்புக்குறியைக் கவனிக்கும் பகுதி கண்ணைத் திறப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். நான் முன்பு பாவித்த மென்பொருள் குறிப்புகளைக் கழித்துவிட்டே அனுப்பியதால் இது தெரியவரவில்லை. என் இருபது வரிப் பெருமைதான் அப்படியே அனுப்பியது.

1952இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் காட்டிய முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் மெசின் துளையிட்ட காகித நாடாவைப் படித்தது. ஜி-கோட்டின் ஆர்எஸ்-274-டி நியமம் 1980இல் வந்தது. நாடாக் காலத்து மொழிக்குள் யாராவது ‘சுற்று’ என்று எழுதுவார்கள் என்று யாரும் நினைத்திருக்க வழியில்லை. கெர்பில் எழுதியவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஜி-கோட்டில் தேவைப்படாத பைட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் குறிப்பெழுதினால் தீர்ந்தது என்று ஒரு நண்பன் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. இரவு பத்து மணிக்கு, “இங்கே கவ்வி இருக்கிறது, இசட் 15க்குக் கீழே வராதே” என்று எனக்கு நானே சொல்லும்போது தமிழ்தான் உடனே உறைக்கிறது. அதனால் குறிப்புகள் பைத்தான் நிரலில் தமிழிலேயே இருக்கின்றன. அனுப்பும் இடத்தில்தான் வடிகட்டி: அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீக்கு, மிச்சத்தில் 127க்கு மேல் ஒரு பைட்டாவது இருந்தால் அனுப்பாமல் நின்று வரி எண்ணைச் சொல். பேசாமல் கழித்துவிட்டுப் போகும்படிதான் முதலில் எழுதினேன், பிறகு மாற்றிவிட்டேன். கட்டளைக்குள் ஒரு தமிழெழுத்து வந்து விழுந்திருந்தால் அந்த வரியில் வேறென்ன விழுந்திருக்கிறதோ.

ஆறாவது பலகை சென்ற ஞாயிறு வெட்டினேன். ஆறு சுற்றும் ஒரே சத்தம், எண்கள் நூறு, நூறு, நூறு. தூள் கடைசிவரை தூளாகவே உதிர்ந்தது. பலகை வாசலில் இருக்கிறது, சற்றுச் சரிவாகத் துளைத்த ஆணித் துளையோடு. அதைக் கையால் துளைத்தது நான். ஐந்தாவது பலகை குசினியில் சோற்றுப் பானைக்குக் கீழே கிடக்கிறது. வாங்கி வைத்த லிமிட் சுவிட்ச் ஆறும் இன்னும் லாச்சிக்குள்.